ஊர் சேரும் குள்ளக் கேலக்ஸிகள்

பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது, கேலக்ஸிகள் ஒன்றை விட்டு ஒன்று விலகி ஓடுகின்றன என்று பள்ளிக்கூடத்திலேயே கேள்விப்பட்டுவிடுகிறோம். அதே புத்தகத்தில் நாலு பக்கம் தள்ளி, நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று இருக்கும். அடியில் 'கேலக்ஸிக் கொத்து' என்று போட்டிருப்பார்கள். எல்லாம் விலகி ஓடுகின்றன என்றால் இவை மட்டும் எப்படி ஒன்றுகூடின? வானியல் பற்றிப் பேச்சு எழும் இடங்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். ஏதோ அடிப்படையையே தவறவிட்டுவிட்டோமோ என்ற தயக்கம் அவர் குரலில் இருக்கும். தயங்கத் தேவையில்லை. கேள்வி சரியானது. பதில்தான் ஒரே வரியில் அடங்காது.

அந்தப் பதிலை மிகச் சிறிய கேலக்ஸிகளின் வழியாகத் தேடலாம். காரணம் இருக்கிறது. பெரிய கேலக்ஸி எதையும் தாங்கிக்கொள்ளும். சிறியது தாங்காது, பட்ட அடி ஒவ்வொன்றும் அதன் உடம்பில் தெரியும். ஒரு கொத்து எப்படி ஆள் சேர்த்தது என்று விசாரிக்கப் போனால் அவற்றைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கன்னி ராசியில் ஒரு கூட்டம்

சித்திரை, வைகாசி மாத முன்னிரவில் வானத்தைப் பார்த்தால் சிம்ம ராசியின் வால் நுனியில் உத்திர நட்சத்திரம் தெரியும். அங்கிருந்து கிழக்கே, நீட்டிய கையின் முஷ்டி ஒன்று அகலம் தள்ளினால் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல தொலைநோக்கிக்கு அங்கே ஒரு ஜனக்கூட்டமே தெரியும். நமக்கு அருகிலுள்ள பெரிய கேலக்ஸிக் கொத்து அதுதான்; கன்னிக் கொத்து என்பார்கள். அருகில் என்றாலும் தூரம் சுமார் 5.4 கோடி ஒளியாண்டு. நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும் ஒளி, அங்கிருந்து நம்மிடம் வர 5.4 கோடி ஆண்டு எடுத்துக்கொள்கிறது. நடுவில் எம்87 என்ற ராட்சதக் கேலக்ஸி உட்கார்ந்திருக்கிறது. 2019இல் வெளியான, கருந்துளையின் நிழலைக் காட்டிய முதல் படம் அதன் மையத்தை எடுத்ததுதான்.

இந்தக் கொத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தலைக்கட்டு எண்ணியவர்கள் ப்ரூனோ பிங்கெலி, ஆலன் சாண்டேஜ், குஸ்டாவ் டாமன் ஆகிய மூவர். சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் மலையிலுள்ள தொலைநோக்கியில் எடுத்த 67 பெரிய புகைப்படத் தகடுகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தகட்டையும் கண்ணால் துழாவினார்கள். கணினி தேடித் தரும் காலம் அதுவல்ல. மங்கலான ஒரு திட்டு தெரிந்தால் அது கொத்தைச் சேர்ந்த சிறிய கேலக்ஸியா, வெகு பின்னால் கிடக்கும் பெரிய கேலக்ஸியா என்பதைப் பெரும்பாலும் தோற்றத்தை வைத்தே முடிவு செய்தார்கள். 1985இல் வெளியான அவர்களுடைய அட்டவணையில் 2,096 கேலக்ஸிகள். அவற்றில் 1,277 கொத்தின் உறுப்பினர் என்று உறுதியாகக் குறித்தார்கள். பின்னால் வேகங்களை அளந்து பார்த்தபோது அந்தக் கண்மதிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

அந்த உறுப்பினர்களில் பெரும்பாலானவை குள்ளக் கேலக்ஸிகள். நம் பால்வெளியில் பத்தாயிரம் கோடிக்கும் மேல் விண்மீன்கள். குள்ளக் கேலக்ஸியில் சில கோடி இருக்கலாம், மிஞ்சினால் சில நூறு கோடி. நேரில் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் தை மாத இருட்டு இரவில் கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்று தெற்கே, அடிவானத்துக்குச் சற்று மேலே தேடுங்கள். புகைபோலத் தெரியும் திட்டு பெரிய மெகல்லன் மேகம். பால்வெளியைச் சுற்றும் குள்ளக் கேலக்ஸி அது; குள்ளர்களில் பெரியது.

இனி ஒரு விசித்திரம். கொத்துக்கு வெளியே, தனியாகத் திரியும் குள்ளக் கேலக்ஸிகள் ஒழுங்கற்ற உருவமும் நீல நிறமுமாக இருக்கின்றன. வாயு நிறைந்திருக்கிறது, விண்மீன்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. கொத்துக்குள் இருப்பவையோ பெரும்பாலும் வழவழப்பான, மஞ்சள் நிற முட்டை உருவங்கள். வாயு இல்லை, பிறப்பும் இல்லை. 2012இல் மார்லா கெஹா குழுவினர் ஆயிரக்கணக்கான குள்ளக் கேலக்ஸிகளை அலசினார்கள். பெரிய அண்டைக் கேலக்ஸி எதுவும் ஏறத்தாழ 50 லட்சம் ஒளியாண்டுக்குள் இல்லாமல் தனித்திருக்கும் சிறு கேலக்ஸிகளில், விண்மீன் பிறப்பு நின்றுபோனது என்று சொல்ல அநேகமாக ஒன்றுகூட அகப்படவில்லை. தனியாக விட்டால் குள்ளக் கேலக்ஸி தானாக ஓய்வதில்லை. யாரோ அதை ஓய வைக்கிறார்கள்.

விரிவு எங்கே தோற்கிறது

முதல் கேள்விக்கு வருவோம். பிரபஞ்சத்தின் இளமையில் பொருள் ஏறத்தாழ எங்கும் ஒரே சீராகப் பரவியிருந்தது. ஏறத்தாழ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தக் காலத்து வெப்பத்தின் மிச்சமாக வானமெங்கும் வரும் நுண்ணலைகளை கோபே செயற்கைக்கோள் அளந்து, 1992இல் வெளியான முடிவுகளில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு மேடு பள்ளம் இருந்ததைக் காட்டியது. அவ்வளவு சிறிய ஏற்றத்தாழ்வு போதுமானதாக இருந்தது.

சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதல் பொருள் இருந்த பகுதியும் மற்றவற்றைப் போலவே விரிந்தது. ஆனால் கூடுதல் பொருளின் ஈர்ப்பு அதை உள்ளிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தது. அதனால் அக்கம்பக்கத்தைவிட அது மெதுவாக விரிந்தது. மெதுவாக விரிந்ததால் ஒப்பீட்டளவில் அடர்த்தி இன்னும் கூடியது. அடர்த்தி கூடியதால் இழுவையும் கூடியது. கடைசியில் ஒரு கட்டத்தில் விரிவு நின்று, பொருள் உள்நோக்கி விழத் தொடங்கியது. இந்த இழுவையில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளுடையது. கேலக்ஸிகளின் வேகத்தைப் பார்த்தால் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் போதாது என்று ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி 1933இல் சொன்னதும் ஒரு கொத்தை வைத்துத்தான்.

ஆகவே ஒவ்வொரு கொத்தைச் சுற்றியும் ஒரு திரும்பல் எல்லை இருக்கிறது. அதற்கு உள்ளே இருப்பவை கொத்தை நோக்கி விழுகின்றன. வெளியே இருப்பவை இழுபட்டாலும் விலகியே போகின்றன. கன்னிக் கொத்துக்கு இந்த எல்லை மையத்திலிருந்து சுமார் 2.3 கோடி ஒளியாண்டு. 5.4 கோடி ஒளியாண்டில் இருக்கும் நாம் எல்லைக்கு வெளியே. விலகும் நம் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டரை மட்டும் கன்னி குறைத்திருக்கிறது, திருப்பவில்லை. விரிவை முடுக்கிவிடும் இருண்ட ஆற்றலின் கை ஓங்கிக்கொண்டே போவதால், இனித் திருப்பப்போவதும் இல்லை.

எல்லைக்குள் நடக்கும் விழுதலுக்கு நேரடிச் சாட்சி உண்டு. கன்னிக் கொத்து மொத்தமாக நம்மை விட்டு நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் விலகுகிறது. ஆனால் அதற்குள் இருக்கும் எம்86 என்ற பெரிய கேலக்ஸி, நொடிக்கு 244 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. எம்90உம் அப்படியே. விரிவு இவற்றை அப்பால் தள்ளுவதைவிடக் கொத்தின் ஈர்ப்பு இப்பக்கமாக வீசும் வேகம் அதிகம். கன்னிக்குள் இப்படி நம்மை நோக்கிப் பாய்கிற குள்ளக் கேலக்ஸிகளும் பல உண்டு.

விழுந்தது ஏன் மறுபக்கம் போய்விடவில்லை?

கூர்ந்து படிப்பவர் இங்கே குறுக்கிடுவார். ஒரு கேலக்ஸி தொலைவிலிருந்து விழுகிறது. விழ விழ வேகம் கூடுகிறது. மையத்தைக் கடந்து மறுபக்கம் ஏறுகிறது. எந்த உயரத்திலிருந்து விழுந்ததோ அதே உயரத்துக்கு ஏறிவிடுமே? கொத்தில் தங்குவது எப்படி?

உராய்வு பிடித்து நிறுத்துகிறது என்று சொல்லத் தோன்றும். பெரிய கேலக்ஸிகளுக்கு அது ஓரளவு உண்மை. கனமான ஒன்று கரும்பொருளின் ஊடே போகும்போது தனக்குப் பின்னால் ஒரு பொருள்குவியலை இழுத்துவிட்டுக்கொள்கிறது; அந்தக் குவியலே அதைப் பின்னால் இழுத்து வேகத்தைத் தணிக்கிறது. குள்ளக் கேலக்ஸிக்கு இந்தக் கணக்கு உதவாது. அதன் எடை போதாது. இந்த வழியில் அது மையத்தில் அடங்க வேண்டுமானால் பிரபஞ்சத்தின் வயதே பத்தாது.

குள்ளக் கேலக்ஸியைத் தங்க வைப்பது கொத்தின் வளர்ச்சி. காலத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். கொத்துக்குள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் சாதாரண வேகம். ஒளியின் வேகத்தில் முந்நூறில் ஒரு பங்கு. கன்னிக் கொத்தின் குறுக்களவு சுமார் ஒரு கோடி ஒளியாண்டு. ஒருமுறை குறுக்கே கடக்க 300 கோடி ஆண்டு ஆகிறது. இந்த 300 கோடி ஆண்டும் கொத்து சும்மா இருப்பதில்லை. வேறு கேலக்ஸிகளும் கரும்பொருளும் வாயுவும் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. உள்ளே நுழைந்தபோது இருந்ததைவிடக் கனமான கொத்திலிருந்து அது வெளியேற வேண்டியிருக்கிறது. பழைய உயரத்துக்கு ஏற முடிவதில்லை. பாதி வழியில் வேகம் தீர்ந்து மறுபடி உள்ளே விழுகிறது. அடுத்த சுற்றில் எட்டும் தூரம் இன்னும் கொஞ்சம் குறைகிறது.

ஆக, குள்ளக் கேலக்ஸியைக் கொத்து வழியில் பிடித்து வைத்துக்கொண்டது என்று நினைப்பது தவறு. திரும்பல் எல்லையில் அதன் விரிவு நின்ற அன்றே உறவு முடிவாகிவிட்டது. அதன் பிறகு நடப்பது பயணம்.

பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுதான் என்பதையும் மனதில் வையுங்கள். 300 கோடிக்கு ஒரு சுற்று என்றால் மிகப் பழைய உறுப்பினரே சில சுற்றுக்கு மேல் வந்திருக்க முடியாது. பலருக்கு இது முதல் சுற்று. இதை வேகங்களே காட்டிக்கொடுக்கின்றன. 2001இல் கிறிஸ்டோபர் கான்செலிசும் உடன் ஆய்ந்தவர்களும் கன்னிக் கொத்தின் வேகங்களை வகைவாரியாகப் பிரித்தார்கள். பழைய, பெரிய நீள்வட்டக் கேலக்ஸிகளின் வேகச் சிதறல், அதாவது வேகங்கள் சராசரியை விட்டு விலகும் அளவு, நொடிக்கு 460 கிலோமீட்டர் அளவில் இருந்தது. குள்ள நீள்வட்டக் கேலக்ஸிகளின் சிதறல் 700ஐத் தாண்டியது. உள்ளேயே பிறந்து அடங்கிவிட்டவை மெதுவாக உலவுகின்றன; வெளியிலிருந்து விழுந்து வந்தவை இன்னும் அந்த வேகத்தோடு திரிகின்றன. கொத்திலுள்ள குள்ளர்களில் பெரும்பகுதி வந்தேறிகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டுமா?

ஒருமுறை மையத்தைக் கடந்து, கொத்தின் விளிம்புக்கும் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பக் காத்திருப்பவையும் உண்டு. கொத்துக்கு வெளியே வாயு இழந்த குள்ளக் கேலக்ஸி ஒன்றைக் கண்டால், அது உள்ளே போய் வந்ததா என்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தனியாக வருவது குறைவு

கொத்தைச் சுற்றியுள்ள வெளி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. பொருள் நீண்ட இழைகளாகக் கிடக்கிறது. இழைகளுக்கு நடுவே பெரிய வெற்றிடங்கள். 1986இல் வலேரி டெ லாப்பரென்ட், மார்கரெட் கெல்லர், ஜான் ஹுக்ரா ஆகியோர் வானத்தின் ஒரு கீற்றை எடுத்துக் கேலக்ஸிகளின் இடங்களை வரைந்து காட்டியபோதுதான் பலருக்கு இந்த அமைப்பு உறைத்தது. கொத்துகள் இந்த இழைகள் கூடும் சந்திகளில் இருக்கின்றன. ஆகையால் குள்ளக் கேலக்ஸிகள் பெரும்பாலும் இழை வழியே, ஒரு பெரிய கேலக்ஸியின் கூட்டாளிகளாக, கும்பலாக வந்து சேர்கின்றன. முன்பு சொன்ன எம்86 அப்படித் தன் பரிவாரத்தோடு விழும் ஒரு தலைவர். அதன் பின்னால் சூடான வாயு நீண்ட வாலாக இழுபடுவதை எக்ஸ்ரே தொலைநோக்கிகள் காட்டுகின்றன.

இந்தப் பரிவாரப் பயணம் முக்கியமானது. சிறு குழுவுக்குள் கேலக்ஸிகள் நொடிக்கு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக நகர்வதால் ஒன்றை ஒன்று இழுத்துக் குலைக்க நேரம் கிடைக்கிறது. நம் பால்வெளியின் அண்டையிலேயே இதைப் பார்க்கலாம். அருகில் சுற்றும் குள்ளக் கேலக்ஸிகளில் இரண்டு மெகல்லன் மேகங்களைத் தவிர மற்றவற்றில் வாயு அநேகமாக வற்றிவிட்டது. கொத்தை அடையும் முன்பே, வழியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ஐசி 3418: நடுவழியில் அகப்பட்ட ஒன்று

மீதிப் பாதி எப்படி நடக்கிறது என்பதைக் காண ஒரு கேலக்ஸியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ஐசி 3418. வானில் எம்87க்குத் தெற்கே, இரண்டு முழுநிலவு அகலத் தொலைவில் கிடக்கிறது. அதாவது எம்87இலிருந்து, பார்வைத் தளத்தில், சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. நம்மை விட்டு விலகும் வேகம் நொடிக்கு 200 கிலோமீட்டருக்கும் குறைவு. கொத்தின் சராசரியோ ஆயிரத்துக்கு மேல். அப்படியானால் கொத்துக்குள் அது ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் நம் திசையாகப் பாய்ந்துகொண்டிருக்கிறது.

கொத்தின் உள்வெளி காலியாக இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கேலக்ஸிகளோடு வந்து விழுந்த வாயு மோதிச் சூடாகி, இரண்டு மூன்று கோடி டிகிரி வெப்பத்தில் கொத்து முழுவதும் நிறைந்திருக்கிறது. அவ்வளவு சூட்டில் அது எக்ஸ்ரே கதிர்களாகத்தான் ஒளிரும். அடர்த்தி மிகச் சொற்பம். மையத்தை விட்டு விலகிய பகுதிகளில் ஒரு லிட்டர் இடத்தில் ஓர் அணு, அல்லது சில அணுக்கள். நம் ஆய்வகங்களின் மிகச் சிறந்த வெற்றிடம்கூட இதற்கு முன்னால் நெரிசல்தான்.

காற்றே அடிக்காத நாளிலும் பைக்கில் வேகமாகப் போனால் முகத்தில் காற்று அறைகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அறை நாலு மடங்காகிறது. கொத்துக்குள் பாயும் கேலக்ஸிக்கும் இதே கதி. பைக்கைவிட அதன் வேகம் சுமார் ஒரு லட்சம் மடங்கு. அந்த வகையில் அறையின் வலு ஆயிரம் கோடி மடங்கு பெருகுகிறது. வாயு மகா மெல்லியது என்பதால் கடைசியில் கிடைக்கும் அழுத்தம் ஒரு கொசுவைக்கூட நகர்த்தாது. ஆனால் எதிரே இருப்பதன் பிடி அதைவிடத் தளர்வானது. குள்ளக் கேலக்ஸியின் சொந்த வாயு ஆயிரக்கணக்கான ஒளியாண்டுக்கு மெல்லியதாகப் பரவியிருக்கிறது. அதைக் கட்டி வைத்திருக்கும் ஈர்ப்பும் பலவீனம். கணக்குப் போட்டால் எதிர்க்காற்று அந்தப் பிடியைப் பல மடங்கு மிஞ்சுகிறது. நம் பால்வெளியை அதே இடத்தில் விட்டால் விளிம்பு வாயுவை மட்டும் இழந்துவிட்டு, உள் வாயுவைக் காப்பாற்றிக்கொள்ளும். குள்ளக் கேலக்ஸிக்கு முழுதும் போய்விடும். வாயுவைப் பறிக்கும் இந்தத் தள்ளலை எதிர்க்காற்று அழுத்தம் என்று அழைப்போம். 1972இல் ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் என்ற இருவர் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தக் கணக்கு இருந்தது. கண்ணெதிரே நடப்பதைப் பார்க்க வெகுகாலம் ஆனது.

ஐசி 3418இல் அது நடக்கிறது. காலெக்ஸ் என்ற புறஊதாச் செயற்கைக்கோள் எடுத்த படத்தில், கேலக்ஸியின் உடலிலிருந்து தென்கிழக்காக நீலத் திட்டுகள் வரிசையாக நீண்டன. நீளம் 55,000 ஒளியாண்டு. கேலக்ஸி நம் பக்கமாகப் பாய்வதால் வாலின் பெரும்பகுதி பின்னோக்கி மறைந்திருக்கும். உண்மை நீளம் இதைவிட அதிகமாகவே இருக்கும். உடலில் ஹைட்ரஜன் வாயுவைத் தேடினால் அநேகமாக ஒன்றுமில்லை. விண்மீன் பிறப்பு அங்கே நின்று சுமார் 20 முதல் 30 கோடி ஆண்டு ஆகிவிட்டது என்று நிறமாலை சொல்கிறது. நீல விண்மீன்கள் சில கோடி ஆண்டுக்குள் எரிந்து முடிந்துவிடும் என்பதால், எந்த நிறம் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தே கடைசிப் பிறப்பு எப்போது என்று கணித்துவிடலாம். பூமியில் நிலக்கரியாக மாறப்போகும் காடுகள் செழித்திருந்த காலத்தை ஒட்டி, அங்கே வாயு பறிபோயிருக்கிறது.

உடலில் பிறப்பு நின்றுவிட்டது, வாலில் பிறந்துகொண்டிருக்கிறது. அந்தத் திட்டுகளை ஆய்வாளர்கள் தீப்பந்துகள் என்கிறார்கள். ஜெஃப்ரி கென்னி குழுவினர் 2014இல் அவற்றை நுணுகிப் பார்த்தபோது ஒவ்வொரு பந்துக்குள்ளும் ஓர் ஒழுங்கு தெரிந்தது. இன்னும் சுடச்சுட ஒளிரும் வாயு, கேலக்ஸியிலிருந்து தொலைவான முனையில். இளம் விண்மீன்கள் அதற்குச் சற்று உள்ளே, கேலக்ஸிப் பக்கமாக. அவற்றைவிட மூத்தவை இன்னும் உள்ளே. காரணம் எளிது. எதிர்க்காற்று வாயுவைத்தான் தள்ளும், விண்மீனைத் தள்ளாது. ஒரு விண்மீன் அவ்வளவு சிறிய, அவ்வளவு கனத்த பொருள். காற்று அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். ஆகவே தள்ளப்படும் வாயு மேகத்துக்குள் விண்மீன் பிறந்த நொடியிலிருந்து மேகம் மட்டும் தள்ளப்பட்டு மேலே போகிறது, விண்மீன் இறங்கி நின்றுவிடுகிறது. போகப் போக ஒவ்வொரு மேகமும் தான் பெற்ற விண்மீன்களை வழிநெடுக இறக்கிவிட்டுப் போகிறது. அந்த வரிசையை நாம் அப்படியே பார்க்கிறோம். எதிர்க்காற்றுக் கணக்குக்கு இதைவிட நேரடியான அத்தாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

2015இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்கலத்தில் புறஊதாத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்னின்று உருவாக்கியது. காலெக்ஸைவிட மூன்று மடங்கு கூர்மையான பார்வை அதற்கு. அந்தக் கருவியும் ஐசி 3418ஐப் படம் எடுத்திருக்கிறது.

இறங்கி நின்ற விண்மீன்களில் சில ஐசி 3418க்கே திரும்பி விழலாம். மற்றவை எந்தக் கேலக்ஸிக்கும் சொந்தமில்லாமல் கொத்தின் பொதுவெளியில் அலையும்.

முட்டைக்குள் ஒளிந்திருந்த சுருள்

வாயு போனபின் மிஞ்சுவது பழைய விண்மீன்களின் கூடு. நீலம் மங்கி மஞ்சளாகி, ஐசி 3418 இன்னும் சில நூறு கோடி ஆண்டில் கொத்தின் மற்ற குள்ள நீள்வட்டக் கேலக்ஸிகளோடு அடையாளம் தெரியாமல் கலந்துவிடும். அப்படிக் கலந்துபோன பழையவர்களில் யாராவது தங்கள் பூர்வீகத்தைக் காட்டுவார்களா?

காட்டியது ஒன்று: ஐசி 3328. பார்வைக்குச் சாதுவான குள்ள நீள்வட்டக் கேலக்ஸி. 2000ஆம் ஆண்டில் ஹெல்முட் ஜெர்ஜன், அக்ரிஸ் கல்னாய்ஸ், நாம் முன்பே சந்தித்த பிங்கெலி ஆகியோர், சிலியிலுள்ள ஐரோப்பியப் பெருந்தொலைநோக்கியின் படத்திலிருந்து அதன் வழவழப்பான ஒளியைக் கணக்கிட்டுக் கழித்தார்கள். கழித்தது போக மிஞ்சியதில் இரண்டு சுருள் கைகள் தெரிந்தன. சுருள் இருக்க வேண்டுமானால் சுழலும் தட்டு இருக்க வேண்டும். வாயு வற்றி விண்மீன் பிறப்பு நின்ற பிறகும் அந்தத் தட்டு குலையாமல் இருக்கிறது. இப்படிச் சுருளோ தட்டோ ஒளித்துவைத்திருக்கும் குள்ள நீள்வட்டங்கள் கன்னிக் கொத்தில் பின்னர் இன்னும் பல அகப்பட்டன.

தட்டைக் குலைப்பது வேறொரு வேலை. எதிர்க்காற்றுக்கு அது வசப்படாது. கொத்தின் பெரிய கேலக்ஸிகள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டரில் பக்கத்தில் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வெட்டு இழுப்பு விழுகிறது. ஒன்றிரண்டால் ஒன்றும் ஆகாது. நூறு கோடிக்கணக்கான ஆண்டுகள் திரும்பத் திரும்ப விழுந்தால் தட்டு தடித்து, உப்பி, உருண்டையாகிவிடும். பென் மூரும் உடன் ஆய்ந்தவர்களும் 1996இல் கணினியில் இதை ஓட்டிக் காட்டி, 'சீண்டல்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பெயர் கச்சிதம்.

எல்லாக் குள்ள நீள்வட்டங்களும் இந்த வழியில்தான் வந்தன என்று அடித்துச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நடுவில் அடர்ந்த கரு கொண்ட ஒரு வகை கொத்தின் மையத்தை ஒட்டியே குவிந்து கிடக்கிறது. அவற்றின் விண்மீன்கள் மிகப் பழையவை. சுற்றியிருக்கும் கோளக் கொத்துகளும் (பழைய விண்மீன்களின் உருண்டைத் திரள்கள்) அதிகம். ஐசி 3418 போன்ற ஒன்று வயதானால் அவ்வளவு கோளக் கொத்துகளைப் புதிதாக எங்கிருந்து கொண்டுவரும்? அவை கொத்து உருவாகும்போதே கூட இருந்தவை என்று கொள்வதே பொருத்தம். ஒரே தோற்றத்துக்குள் பூர்வகுடிகளும் வந்தேறிகளும் கலந்திருக்கிறார்கள்.

உரிந்தபின் மிஞ்சுவது

மையத்துக்கு மிக அருகே போய்விட்ட குள்ளக் கேலக்ஸிக்குச் சீண்டலோடு போகாது. பெரிய கேலக்ஸியின் ஈர்ப்பு அருகிலுள்ள பக்கத்தைப் பலமாகவும் மறுபக்கத்தைப் பலம் குறைந்தும் இழுக்கும். இந்த வித்தியாசமே கேலக்ஸியை நீட்டிக் கிழித்து, வெளி விண்மீன்களை உரித்தெடுத்துவிடும். கரு மட்டும் தப்பும்.

அப்படித் தப்பிய கரு ஒன்றை எம்60 என்ற கன்னிக் கொத்துக் கேலக்ஸியின் பக்கத்தில் கண்டிருக்கிறார்கள். முந்நூறு ஒளியாண்டு அகலம் இருந்தால் அதிகம். அதற்குள் பத்துக் கோடிக்கு மேலான விண்மீன்கள் திணிந்திருக்கின்றன. இது பெரிதாக வளர்ந்துவிட்ட விண்மீன் கொத்தா, உரிந்துபோன கேலக்ஸியா என்று வழக்கு இருந்தது. 2014இல் அனில் சேத் தலைமையில் உள்ளிருக்கும் விண்மீன்களின் வேகத்தை அளந்தார்கள். நடுவில் சூரியனைப்போல் சுமார் 2 கோடி மடங்கு எடையுள்ள கருந்துளை இருப்பது தெரிந்தது. விண்மீன் கொத்துக்கு அவ்வளவு பெரிய கருந்துளை வாய்க்காது, கேலக்ஸிக்கு வாய்க்கும். வழக்கு ஒருவாறு தீர்ந்தது. உரிந்த விண்மீன்கள் கொத்தின் பொதுவெளியில் மங்கிய ஒளியாகப் பரவிக் கிடக்கின்றன. நீண்ட நேரம் ஒளி சேர்த்து எடுத்த படங்களில் எம்87ஐச் சுற்றி நூலிழைகளாக அந்த ஒளி தெரிகிறது.

சிலியில் கட்டிய வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்று கன்னிக் கொத்தின் தென்பகுதி. இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்து, பெரிதாக்கிப் பார்க்கலாம். பார்க்கும்போது பளிச்சென்று கண்ணை இழுக்கும் சுருள் கேலக்ஸிகளை விட்டுவிடுங்கள். அவற்றுக்கு நடுவே, கறையோ என்று சந்தேகம் வருகிற, விளிம்பு தெரியாத மங்கிய மஞ்சள் திட்டுகளைத் தேடுங்கள். நம் கதையின் ஆட்கள் பெரும்பாலும் அந்தத் திட்டுகளில்தான் இருக்கிறார்கள்.